பன்னிரண்டு பேருக்கும் தொண்ணூற்று நாலு

சர்க்கரை நோயை உலகத்திலிருந்து அடியோடு ஒழிக்க முடியும் என்று முதன்முதலில் நிரூபித்த பெருமை, எகிப்தில் தந்தா நகரத்துக் கால்வாய்த் துறை ஓய்வூதியர் சங்கத்தையே சேரும். மருந்தால் ஒழித்தார்கள் என்று சொல்லி யாரும் அவர்களைக் கேவலப்படுத்திவிட வேண்டாம். மருந்தால் ஒழிப்பது எவனுக்கும் வரும். அவர்கள் கோப்பால் ஒழித்தார்கள். பன்னிரண்டு கிழவர்கள், மூன்றே மாதம். கடைசித் திங்கட்கிழமை அளந்தபோது பதினோரு பேருக்கு ரத்தச் சர்க்கரை தொண்ணூற்று நாலு. ஒருவருக்கு மட்டும் தொண்ணூற்றைந்து. அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். மறுபடி அளந்ததில் அவரும் தொண்ணூற்று நாலுக்கு வந்து சேர்ந்தார்.

இந்தச் சாதனைக்குத் தலைமை தாங்கியவர் உஸ்தாத் வகீஹ். முப்பத்தெட்டு வருடம் துறையின் தலைமை ஆவணக் காப்பாளராக இருந்தவர். தந்தாவைச் சுற்றியுள்ள வாய்க்கால்களில் பாதி தூர்ந்து போய் எருமை மேய்கிறது. ஆனால் வகீஹின் அலமாரியில் ஒரு வாய்க்கால்கூடத் தூர்ந்ததில்லை. எல்லாவற்றிலும் தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. வரைபடத்தில் நீலமாக இருக்கிறதா, இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், துறை மருந்தகத்துக்காக அவர் ஒரு விதிமுறை எழுதினார். மொத்தம் பதினேழு பிரிவு. முதல் பிரிவைப் படித்தாலே மனசு நிறைந்துவிடும்: 'நோயாளி என்பவர் கோப்பு ஆவார். உடல் அதன் இணைப்பு ஆகும்.' அடியில் பச்சை மையில் அவருடைய கையெழுத்து. அதன்மேல் எகிப்து அரசின் கழுகு முத்திரை.

அந்தக் கையெழுத்தைப் போட அவர் வீட்டில் இரண்டு நாள் பழகிப் பார்த்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு அந்த வேலை இருந்ததில்லை. காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது, கடிதங்களுக்கு அடியில் போடுவது எல்லாவற்றையும் பெஷாரா என்ற எழுத்தர்தான் பார்த்துக்கொண்டார். பெஷாரா ஒல்லியான மனிதர். ஏழரை மணிக்கே வந்துவிடும் பலவீனம் உள்ளவர். வந்ததும் பேனாவைத் திறந்து, பதினோரு சகாக்களை அவரவர் படுக்கையிலிருந்து பதிவேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அதன் பிறகே தன் பெயரைப் போடுவார். பதினோரு மணிக்கு ஆட்கள் வரும்போது, அவர்கள் மூன்று மணி நேரம் உழைத்துக் களைத்திருப்பார்கள்.

அறுபதுக்குப் பிறகு மனித உடம்பும் ஓர் அரசு அலுவலகம்தான். சில சுரப்பிகள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்கின்றன. சில ஓய்வு பெற்ற பிறகும் வந்து உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் தொல்லை கொடுக்கின்றன. சங்கத்தின் உறுப்பினர் ஹாஜ் மித்வல்லி, அந்தக் காலத்தில் மருந்தகத்தில் ஊசி போடும் உதவியாளராக இருந்தவர். அவருடைய தைராய்டு நீண்ட விடுப்பில் போய்விட்டது. ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு, ஒரு வாக்கியத்தின் பாதியில் தூங்கி, மறுபாதியை விழித்த பிறகு முடிப்பார். வகீஹின் மனைவி தவ்லத் அம்மாளுக்கு ஐம்பத்தொரு வயதில் உள்ளே ஓர் அடுப்பு பற்றிக்கொண்டது. அறுபத்துமூன்று ஆகியும் அணையவில்லை. ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்து முறத்தால் விசிறிக்கொள்வார். மாடிவீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் தங்களுக்குத் தனியாகக் கணப்பு தேவைப்படவில்லை என்று நன்றியோடு சொல்வதுண்டு.

வகீஹின் கணையமோ அவரைப் போலவே இருந்தது. பதவியில் இருந்தது, வேலைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிற்று.

பெஷாராவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கை நடுங்கும், வேர்க்கும், கண் கொஞ்சம் பிதுங்கியிருக்கும், எவ்வளவு தின்றாலும் சட்டை தொளதொளக்கும். அதெல்லாம் ஒல்லியாக இருப்பவர்களின் சுபாவம். ஒல்லியாக இருப்பவனுக்கு வியாதி கிடையாது என்பது சங்கத்தின் மருத்துவக் கொள்கை.

அப்படி இருக்கையில்தான் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'இனிய முதுமை, இனிப்பற்ற ரத்தம்.' ஓய்வூதியர் சங்கங்களில் எது மூன்று மாதத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறதோ, அதற்குத் தலைமை இயக்குநர் தம் கையால் ஒரு கேடயம் வழங்குவார்.

சங்கத்தின் அறை ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. தந்தாவில் இனிப்புக் கடையின் மாடியில் இல்லாத அறை கிடைப்பது கஷ்டம். முதல் திங்கட்கிழமை காலை, கீழே பாகு காய்ச்சும் வாசனைக்கு நடுவே, ஹாஜ் மித்வல்லி எல்லோருடைய விரலையும் குத்தினார். இருநூற்று எண்பத்தேழு. முந்நூற்றுப் பத்து. மித்வல்லி தன்னையே குத்திக்கொண்டதில் இருநூற்று நாற்பது. வகீஹுக்கு முந்நூற்று நாற்பத்தொன்று. கடைசியாக பெஷாரா: தொண்ணூற்று நாலு.

வகீஹ் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதை எப்படி எழுதறது, ஹாஜ்?"

"இருக்கறத அப்படியே எழுது."

"இருக்கறத அப்படியே எழுத ஆவணக் காப்பாளர் எதுக்கு? ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினாப் போதாதா?"

"அப்ப சாப்பாட்டைக் குறைங்க" என்றார் பெஷாரா.

சங்கத்தில் அதுவரை யாரும் அந்த மாதிரி வார்த்தை பேசியதில்லை.

"பெஷாரா" என்றார் வகீஹ் மெதுவாக. "காலைல எட்டு மணிக்கு எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்த?"

"பதினோரு பேருக்கு, உஸ்தாத். உங்களோடதுதான் கொஞ்சம் சிரமம். கடைசியில ஒரு சுழி வருமே."

"எந்தக் கையால?"

"வலது கையால."

"அந்தக் கையில விரல் எத்தனை?"

"அஞ்சு."

"இடது கையிலயும் அஞ்சு இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றார் வகீஹ்.

அறைக்கு விஷயம் புரிந்துவிட்டது. மித்வல்லிகூடத் தூங்கவில்லை. இதில் பொய், புரட்டு என்று நினைக்கிறவர்கள் ஒருநாளும் அரசு வேலை பார்க்காதவர்கள். முப்பது வருடம் ஒருவருடைய கை இன்னொருவருக்காக வேலை பார்த்திருக்கும்போது, ஒருவருடைய விரல் இன்னொருவருக்காகக் கொஞ்சம் ரத்தம் சிந்துவதில் என்ன தவறு? பெஷாராவும் அப்படித்தான் நினைத்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"மோதிர விரலை விட்டுடுங்க. அதுலதான் காது குடையறேன்."

மூன்று மாதம் சங்கம் அமைதியாக முன்னேறியது. திங்கட்கிழமைதோறும் பெஷாராவின் விரல்கள் பன்னிரண்டு முறை குத்தப்பட்டன. இடையில் மருந்தகத்திலிருந்து ரத்த வகையையும் பதிவு செய்யச் சொன்னார்கள். அதையும் அவரே செய்தார். பன்னிரண்டு பேருக்கும் 'பி' வகை. ஒரே வாய்க்காலில் குடித்து வளர்ந்த ஒற்றுமை என்று தலைமை இயக்குநர் மேடையில் பேசும்போது சொன்னார். கேடயம் பித்தளை. நடுவில் ஒரு கழுகு, அதன் கீழே 'சர்க்கரை இல்லாச் சங்கம்'. விழாவுக்கென்று வகீஹ் புது ஷூ வாங்கியிருந்தார். முன்பக்கம் கூர்மையானது, பளபளப்பானது. இடது காலின் சுண்டுவிரலைக் கொஞ்சம் கடித்தது. மேடையில் நிற்கிறவர் விரலைப் பற்றி யோசிப்பாரா? பரிமாறிய பஸ்பூசா என்ற ரவை இனிப்பில் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் இன்சுலின் வாங்க மருந்தகத்துக்குப் போனார். அங்கே மேடம் இன்சாஃப் இருந்தார். இருபது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே சால்வை. வகீஹின் விதிமுறையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஜீவன்.

"வாழ்த்துக்கள், உஸ்தாத். குணமாயிட்டீங்க."

"ரொம்ப சந்தோஷம், மேடம். இந்த மாசத்து மருந்து."

"குணமானவங்களுக்கு எதுக்கு மருந்து? உங்க பன்னிரண்டு பேர் கோப்பையும் மூடியாச்சு. நானே நாடா கட்டினேன்."

வகீஹ் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், நமக்குள்ள இருக்கட்டும். என் விரலைக் குத்திப் பாருங்க."

மேடம் இன்சாஃப் நல்ல மனசுக்காரர். குத்திப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு. ரத்த வகையையும் சரிபார்த்தார். அது அவர் கடமை. 'ஓ' வகை.

"இது உங்க ரத்தம் இல்லையே, உஸ்தாத்."

"என் விரல்லேருந்துதானே வந்தது?"

"வந்த இடம் முக்கியமில்ல, பதிவான இடம்தான் முக்கியம். நாலாம் பிரிவு. உங்க ரத்தம் உங்க ரத்தத்தோட ஒத்துப்போகல. நான் என்ன செய்ய?"

"அளவையாவது எழுதிக்கக் கூடாதா?"

"சங்கத்துக்கு வெளியில எடுத்த அளவு வதந்தியாகக் கருதப்படும். ஆறாம் பிரிவு." மேடம் விதிமுறைத் தாளை எடுத்து வகீஹ் பக்கம் திருப்பினார். "எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க பாருங்க. ஒரு ஓட்டை உண்டா?"

வகீஹ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உண்மையில் ஓட்டை இல்லை. நாக்கு வறண்டு, கால் எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு பெருமிதம் வந்தது. ஆறாம் பிரிவில் 'வதந்தி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க அவர் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்திருந்தார்.

"மூடின கோப்பைத் திறக்க வழி?"

"ஒன்பதாம் பிரிவு. தொடர்ந்து மூணு திங்கட்கிழமை, சங்கத்துல, பதிவான ரத்த வகையில, இருநூறுக்கு மேல வரணும். வராட்டி ஒரே ஒருதரம் முழு ரத்தப் பரிசோதனை."

வீட்டில் தவ்லத் அம்மாள் ஜன்னலருகே விசிறிக்கொண்டிருந்தார். கணவர் ஒரே மூச்சில் ஒரு குடுவை தண்ணீரைக் காலி செய்ததையும், ஷூவைக் கழற்றும்போது முகம் சுளித்ததையும் பார்த்துவிட்டார்.

"காலைக் காட்டுங்க, அபூ ஹிஷாம்." மூத்த மகன் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் விஷயம் சின்னது இல்லை என்று அர்த்தம்.

சுண்டுவிரலில் பட்டாணி அளவுக்கு ஒரு புண்.

"நாளைக்குக் காலைல கடையில போய் இன்சுலின் வாங்கிட்டு வரேன்" என்றார் தவ்லத் அம்மாள்.

"வாங்கினா நான் குத்திக்க மாட்டேன்."

"ஏன், ஊசி கசக்குமா?"

"குணமானவன்னு கோப்புல இருக்கு, தவ்லத். குணமானவன் கடையில மருந்து வாங்கிக் குத்திக்கிட்டா அது கள்ளக்கடத்தல். ஊருக்கு விதிமுறை எழுதினவன் நான்."

"உங்க விதிமுறைக்குக் கால் இருக்கா?"

"இல்ல."

"உங்களுக்கு இருக்கு. அதுதான் வித்தியாசம்."

"முறையாத் திறக்க வழி இருக்கு. மூணே திங்கட்கிழமை."

"இந்த வீட்டுல பன்னிரண்டு வருஷமா நான் வெந்துக்கிட்டிருக்கேன்" என்றார் தவ்லத் அம்மாள், முறத்தை வேகமாக ஆட்டியபடி. "ஒருநாளாவது கோப்புல எழுதியிருக்கான்னு பார்த்துட்டா வேர்த்தேன்?"

வகீஹுக்குத் தாகமாக இருந்தது, இன்னொரு குடுவை தண்ணீர் குடித்தார்.

இப்போது சங்கத்தின் முன்னால் இருந்த பணி மிகத் தெளிவானது. பன்னிரண்டு பேருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். பதினோரு பேருக்கு அது ஏற்கெனவே போதும் போதுமென்று இருந்தது; ஆனால் அவர்களுடைய ரத்தம் செல்லாது. செல்லுபடியாகும் ரத்தம் ஒன்றுதான். ஆகவே பெஷாராவின் சர்க்கரையை இருநூறுக்கு மேல் ஏற்ற வேண்டும்.

"நோன்பு ஆரம்பிச்சாச்சே" என்றார் பெஷாரா கவலையோடு. அவர் கோப்டிக் கிறிஸ்தவர். அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி வருகிறது. அதற்கு முன் நாற்பத்துமூன்று நாள் நெய், பால், முட்டை, இறைச்சி எதுவும் கிடையாது.

அறை இடிந்துபோய் உட்கார்ந்தது. நெய்யில் செய்யும் குனாஃபா போயிற்று. பஸ்பூசா போயிற்று. வெகுநேரம் கழித்து ஹாஜ் மித்வல்லி விழித்துக்கொண்டு கேட்டார்: "நோன்புல சர்க்கரை கூடாதுன்னு இருக்கா?"

"சர்க்கரைக்குத் தடை இல்ல, ஹாஜ்."

"எள்ளு?"

"எள்ளுக்கும் இல்ல."

"நிலக்கடலை? கொண்டைக்கடலை?"

"இல்ல."

"அப்ப உன் மதத்துக்கும் எங்க ஊருக்கும் ஒரு சண்டையும் இல்ல" என்றார் மித்வல்லி. கைத்தடியால் தரையை மூன்று தட்டுத் தட்டினார். கீழே இனிப்புக் கடைக்காரருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் இன்றைக்கும் மரியாதையோடு பேசுகிறார்கள். எள்ளுமிட்டாய் பலகை பலகையாக வந்தது. கடலைமிட்டாய் வந்தது. சர்க்கரைப் பாகில் உருட்டிய கொண்டைக்கடலை கூடையில் வந்தது. எள் அல்வாவை ஒருவர் சீவிக் கொடுக்க, இன்னொருவர் ரொட்டியில் தடவ, மூன்றாமவர் பெஷாராவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரில் ஏழு கரண்டி சர்க்கரை போட்டார்கள். எட்டாவது கரையவில்லை என்பதால் அதைத் தனியாகக் கொடுத்தார்கள். துணைக்குச் சாப்பிடாமல் ஒரு மனிதரை மட்டும் தின்ன வைப்பது தந்தாவில் பெரிய அநாகரிகம். அதனால் பதினோரு பேரும் அவரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். தியாகம் என்றால் தியாகம்தான்.

"இன்னொரு துண்டு, பெஷாரா. வகீஹோட காலை நெனைச்சுக்க."

"நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், ஹாஜ். தொண்டையில நிக்குது."

"தண்ணி குடிச்சு இறக்கு. சர்பத் தரட்டுமா?"

முதல் திங்கட்கிழமை: தொண்ணூற்றேழு. ஆரவாரம். இரண்டாவது திங்கட்கிழமை: தொண்ணூற்றாறு. வகீஹ் சந்தேகத்தோடு பார்த்தார்.

"வீட்டுல போய்த் துப்பிடறியா?"

"சத்தியமா இல்ல, உஸ்தாத். பெல்ட்டுல இன்னும் ரெண்டு ஓட்டை போட்டேன் பாருங்க, உள்பக்கமா."

உண்மைதான். தந்தா நகரத்து இனிப்பில் பாதியைத் தின்றும் அவர் மூன்று கிலோ இளைத்திருந்தார். கை முன்னைவிட நடுங்கியது. டிசம்பர் மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இதை அவருடைய நன்றிகெட்டதனம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை வகீஹ் மாடிப்படியை ஒற்றைக் காலால் ஏறி வந்தார். புண் இப்போது பட்டாணி அளவில் இல்லை. விரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கண்ணுக்கு முன்னால் எழுத்துக்கள் நீந்தின. பெஷாரா தன் விரலை நீட்டியபோது அவர் கருவியைப் பார்க்காமல் பெஷாராவின் முகத்தையே பார்த்தார். காதலியின் பதிலுக்காகக் காத்திருக்கும் இளைஞன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

தொண்ணூற்று நாலு.

"மன்னிச்சுடுங்க, உஸ்தாத்" என்றார் பெஷாரா. கண்ணில் நீர் இருந்தது. கொஞ்சம் பாகாகவும் இருக்கலாம்.

மிச்சமிருந்தது முழு ரத்தப் பரிசோதனைதான். ஹாஜ் மித்வல்லி தடுப்புக்குப் பின்னால் பெஷாராவைப் படுக்க வைத்து, பன்னிரண்டு குழாயை நிரப்பினார். பன்னிரண்டிலும் பன்னிரண்டு பெயரை எழுதி ஒட்டி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் மருந்தகத்தின் புது டாக்டர் ராண்டா, முடிவுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடியே வந்தார். படிப்பு முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. காகிதத்தில் இருப்பதை இன்னும் நம்புகிற வயது.

"இந்த மாதிரி நான் பாடத்துல கூடப் படிச்சதில்ல" என்றார். "பன்னிரண்டு பேருக்கும் சர்க்கரை சுத்தமா இல்ல. ஆனா பன்னிரண்டு பேருக்கும் தைராய்டு தறிகெட்டு ஓடுது. ஒரே அளவுல. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண் வரைக்கும் ஒண்ணு."

"வாய்க்கால் தண்ணி" என்றார் மித்வல்லி, அரைத் தூக்கத்தில்.

"பட்டினி கிடக்கற மாதிரி இளைக்கும், வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உங்களுக்கெல்லாம் அப்படி இருக்கா?"

கம்பளிக் குல்லாய்க்குள் நூற்றுப்பத்துக் கிலோ எடையோடு உட்கார்ந்திருந்த மித்வல்லி, தனக்கு இளைப்பு தாங்க முடியவில்லை என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கோப்பு திறக்கிறது என்றால் எந்த நோயாக இருந்தால் என்ன? பன்னிரண்டு பேருக்கும் தைராய்டை அடக்கும் மாத்திரை எழுதப்பட்டது. மேடம் இன்சாஃப் பன்னிரண்டு நாடாவையும் தம் கையால் அவிழ்த்தார்.

பெஷாரா ஒருவர்தான் மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். பத்து நாளில் படபடப்பு தணிந்தது. வேர்வை நின்றது. இரண்டு மாதத்தில் சட்டை உடம்பில் பொருந்தியது. பதினோரு பேருடைய நோயைச் சுமந்த மனிதருக்கு இருந்த ஒரே நோய், பதினோரு பேருடைய பெயரில் கண்டுபிடிக்கப்பட்டுக் குணமானது. மருத்துவ உலகம் இதைக் கவனிக்காமல் போனது துரதிர்ஷ்டம்.

வகீஹும் மாத்திரையை விழுங்கியிருப்பார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் விழுந்துவிட்டார்.

தவ்லத் அம்மாள் சத்தம் போடவில்லை. கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, கணவரை ஒரு டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, துறைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே யாரும் கோப்பைக் கேட்கவில்லை. நேராக அவருடைய விரலையே குத்தினார்கள். ஐந்நூற்று முப்பது. ஐந்து நிமிடத்தில் இன்சுலின் ஏறியது. மறுநாள் இடது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். வகீஹ் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பிரிவின் கீழ எடுத்தாங்க?"

"நான் சொல்லி எடுத்தாங்க" என்றார் தவ்லத் அம்மாள். "என் பிரிவுக்கு நம்பர் இல்ல."

அன்று மாலை சங்கம் திரண்டு வந்து பார்த்தது. ஆளுக்கொரு பொட்டலம் எள்ளுமிட்டாய். தவ்லத் அம்மாள் எல்லாவற்றையும் வாங்கி ஜன்னல் வழியாகக் காற்றுக்கு அனுப்பினார். அப்போது வகீஹ் ஒரு விஷயத்தைக் கவனித்தார்.

"ஹாஜ், உங்களுக்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே மருந்து நிறுத்தி."

மித்வல்லி குல்லாயைச் சரிசெய்துகொண்டார். மற்றவர்கள் ஆஸ்பத்திரியின் சுவரைப் பார்த்தார்கள். நல்ல சுவர்தான்.

"நாங்கல்லாம் கடையில வாங்கிக் குத்திக்கிட்டோம், வகீஹ். நீயும் அப்படித்தான்னு நெனைச்சோம்."

"எல்லாருமா?"

"மேடம் இன்சாஃபும்தான். அவங்களுக்கும் சர்க்கரை. அவங்க கோப்பும் எப்பவோ மூடியாச்சு."

அந்த விதிமுறையை உலகத்தில் நம்பியவர் ஒருவர்தான் என்பது வகீஹுக்கு அப்போதுதான் தெரிந்தது.

காயம் ஆறியதும் அவர் கைத்தடியோடு மருந்தகத்துக்குப் போனார். கோப்பில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. மேடம் இன்சாஃப் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாளைப் புரட்டினார்.

"கோப்புல உங்களுக்குப் பத்து விரலும் இருக்கே, உஸ்தாத்."

"ஒண்ணு போயிடுச்சு, மேடம்." வகீஹ் இடது கால் ஷூவைக் கழற்றிக் காட்டினார்.

"எதனால போச்சு?"

"சர்க்கரையால."

"உங்களுக்குத்தான் சர்க்கரை இல்லையே. தைராய்டால விரல் போகாது. டாக்டர் ராண்டாவே எழுதியிருக்காங்க." அவர் ரொம்ப வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இல்லாத நோயால இருக்கற விரல் எப்படிப் போகும்? ஷூவைப் போட்டுக்குங்க. வெளியில யாரும் பாக்க மாட்டாங்க."

வகீஹ் ஷூவைப் போட்டுக்கொண்டார்.

கேடயம் இன்றைக்கும் சங்கத்தின் சுவரில் பளபளக்கிறது. கீழே பாகு கொதிக்கிறது. பன்னிரண்டு உறுப்பினர்கள், பன்னிரண்டு தொண்ணூற்று நாலு, நூற்றிருபது கால்விரல்கள், எல்லாம் கோப்பில் இருக்கவேண்டியபடி இருக்கின்றன. தரையில் எண்ணினால் நூற்றுப்பத்தொன்பதுதான் வரும். ஆறாம் பிரிவின்படி அது வதந்தி. ஆனாலும் அந்த ஒரு விரலை எடுத்தது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் விதிமுறையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே பச்சை மையில், கடைசியில் ஒரு சுழியோடு, ஒரு கையெழுத்து இருக்கிறது. முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் உஸ்தாத் வகீஹ் தம் சொந்தக் கையால் போட்டது அது ஒன்றுதான்.